வாசல் வரை வந்த தண்ணீர் ஏழையின் வீட்டுக்குள் வரவில்லையே!

(ஊழியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



உங்கள் கடையை நினைத்துப் பாருங்கள். மூட்டையாக அரிசி வாங்குபவருக்குக் கிலோ விலை குறைவு. அன்றாடக் கூலியில் அரைக் கிலோ வாங்குபவருக்கு விலை கூடுதல். தண்ணீரிலும் இதே கதைதான். குழாய் இணைப்பு உள்ளவர் மாதக் கட்டணத்தோடு முடித்துக் கொள்கிறார். இணைப்பில்லாத ஏழையோ குடம் குடமாகக் காசு கொடுக்கிறார்.

அப்படியானால் அவர் ஏன் இணைப்பு வாங்கவில்லை? மாதக் கட்டணத்துக்கு அஞ்சியல்ல. வைப்புத்தொகை, சாலையை வெட்டும் கட்டணம், குழாய், பிளம்பர் கூலி என்று மொத்தமாகக் கேட்கப்படும் தொகைதான் அவரைத் தடுக்கிறது.

மதீனாவில் ரூமா கிணற்றுத் தண்ணீர் விலைக்கு விற்கப்பட்டது. உஸ்மான் (ரலி) அவர்கள் ஒரு வணிகர். அந்தக் கிணற்றையே வாங்கி மக்களுக்காக வக்ஃபு செய்தார்கள். ஒருநாள் தாகத்தை அல்ல, விலை என்ற தடையையே அகற்றினார்கள்.

'அது அந்தக் காலம்' என்பீர்களா? கம்போடியாவின் தலைநகர் புனோம்பென்னைப் பாருங்கள். 1993இல் அங்கு குழாயில் விட்ட தண்ணீரில் சுமார் 72 விழுக்காட்டுக்குக் காசு வரவில்லை. கசிவிலும் திருட்டிலும் போயிற்று. அவ்வாண்டு பொறுப்பேற்ற எக் சோன் சான் கசிவை அடைத்தார்; பெரும்புள்ளிகளையும் கட்டணம் கட்ட வைத்தார். பின்னர் ஏழைகளின் நிலைமைக்கேற்ப இணைப்புக் கட்டணத்தில் தள்ளுபடி வந்தது. பரம ஏழைக்கு முழுவதும் இலவசம். தவணையிலும் கட்டலாம். 2006இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. 'நிதி இல்லை' என்பவர்களுக்கு இதைவிட என்ன பதில் வேண்டும்?

குடிநீர் வந்தால் கழிவுநீர் போக வழி வேண்டுமே! கராச்சியின் ஓரங்கி குடியிருப்பில் 1980இல் அக்தர் ஹமீது கான் பணி தொடங்கினார். 20, 30 வீடுகள் கொண்ட சந்து ஒவ்வொன்றும் தானே பணம் திரட்டித் தன் கழிவுநீர்க் குழாயைப் பதித்தது. பெரிய குழாயும் சுத்திகரிப்பும் அரசின் பொறுப்பு என்று அவர்கள் பிரித்துச் சொன்னார்கள். ஒப்பந்தக்காரர் இல்லாததால் செலவு வெகுவாகக் குறைந்தது.

சகோதரர்களே! கைதட்டிக் கலைவதற்காக இதைச் சொல்லவில்லை. இளைஞர்களே, உங்கள் மஹல்லாவில் இணைப்பில்லாத வீடுகளைக் கணக்கெடுங்கள். கட்டணமா, பத்திரமா, வாடகை வீடா, எது தடை என்று எழுதுங்கள். வணிகர்களே, பைத்துல்மாலில் இதற்கென ஒரு தொகை ஒதுக்குங்கள். வட்டியில்லாக் கடனாகக் கொடுங்கள். திரும்பி வரும் தவணை அடுத்த வீட்டுக்குப் போகட்டும். அண்டை வீட்டார் எந்தச் சமயத்தவராயினும் அவருக்கும் கொடுங்கள்.

ஜமாஅத்தார் அந்தக் கணக்கெடுப்போடு நகராட்சிக்குச் செல்லட்டும். தவணையும் தள்ளுபடியும் கேட்கட்டும். நாம் கொடுக்கும் கடன் அரசின் கடமையைத் தள்ளுபடி செய்துவிடாது!

அடுத்த கூட்டத்தில் நான் கேட்கப் போவது ஒன்றுதான்: உங்கள் தெருவில் எத்தனை வீடுகளில் குழாய் திறந்தது? இன்ஷா அல்லாஹ், பதிலோடு வாருங்கள்.