ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்



ஷேக்ஸ்பியரின் 'லியர் மன்னன்' நாடகத்தைப் பல ஆண்டுகள் வகுப்பில் நடத்தியவன் நான். குளோஸ்டர் பிரபுவின் கண்கள் பறிக்கப்படும் காட்சி வந்ததும், 'கண் இருந்தபோது குருடர், கண் போனபின் தெளிந்தார்' என்று சொல்லி முடிப்பேன். ஒரு நாள் மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, மகன் எட்கரைக் கூப்பிட்டு அவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?" என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பழைய விளக்கத்தை நான் சொன்னதில்லை.

முதல் அங்கம், இரண்டாம் காட்சி. குளோஸ்டரின் இன்னொரு மகன் எட்மண்டின் கையில் ஒரு கடிதம். தந்தை வருவது தெரிந்ததும் அவசர அவசரமாக மறைக்கிறான். அவர் கண்ணில் படவேண்டும் என்றே மறைக்கிறான். கேட்டால், ஒன்றுமில்லை என்கிறான். கிழவர் விடுவாரா? மூக்குக்கண்ணாடியைப் பற்றிக்கூடப் பேசிக்கொண்டு கையை நீட்டுகிறார், வாசிக்கிறார். வயதான தகப்பன்கள் சொத்தை விடமாட்டேன் என்கிறார்கள் என்று எட்கர் எழுதியதாக அதில் இருக்கிறது. லியர் தன் கடைசி மகளைத் துரத்திய நேரம் அது. குளோஸ்டரின் நெஞ்சில் பயம் ஏற்கெனவே குடியேறியிருந்தது. கையெழுத்து எட்கருடையதா என்று விசாரிக்கிறார். அதையும் எட்மண்டிடமே விசாரிக்கிறார், 9 ஆண்டுகள் வெளியே இருந்துவிட்டு வந்தவனிடம்.

பிறகு ஓர் இரவு. எட்மண்ட் தன் கையைத் தானே வாளால் கீறிக்கொண்டு, எட்கர் வெட்டியதாகப் பந்த வெளிச்சத்தில் ரத்தத்தைக் காட்டுகிறான். கடிதத்தையும் கண்ணால் கண்டார், ரத்தத்தையும் கண்ணால் கண்டார். அவர் பார்வையில் ஒரு குறையும் இல்லை. தீர விசாரிப்பதே மெய் என்பார்களே, அது மட்டும்தான் நடக்கவில்லை.

மூன்றாம் அங்கத்தில், லியருக்கு உதவினார் என்பதற்காக, அவரை அவர் வீட்டிலேயே நாற்காலியில் கட்டுகிறார்கள். லியரின் மருமகன் கார்ன்வால் ஒரு கண்ணைப் பறித்ததும், சிறுவயது முதல் அவனிடமே ஊழியம் பார்த்த வேலைக்காரன் ஒருவன் வாளை உருவித் தடுக்கிறான். அவனுக்குப் பெயர்கூட இல்லை. கார்ன்வாலின் மனைவி ரீகன் பின்னாலிருந்து அவனைக் குத்திக் கொல்கிறாள். இரண்டாவது கண்ணும் போகிறது. எட்மண்டைக் கூவி அழைக்கும் கிழவரிடம், காட்டிக்கொடுத்தவனே அவன்தான் என்கிறாள் ரீகன். அந்தச் சொல் காதில் விழுந்ததுமே எட்கர் நிரபராதி என்று அவருக்குப் புரிந்துவிடுகிறது.

1608 பதிப்பில் இதற்குப் பிறகு ஒரு சிறு உரையாடல் உண்டு. மற்ற இரண்டு வேலைக்காரர்கள் பேசிக்கொள்கிறார்கள்; அவர்களில் ஒருவன், ரத்தம் வழியும் முகத்துக்கு ஆளிநாரும் முட்டை வெள்ளைக்கருவும் எடுத்துவரப் போகிறான். 1623 பதிப்பில் இது இல்லை. இயக்குநர் பீட்டர் புரூக்கும் தம் 1962 மேடையேற்றத்தில் இதை விட்டுவிட்டார். என்னால் விடமுடியாது. அந்த வீட்டில் அன்றிரவு மனிதர்களும் இருந்தார்கள் என்பதற்கு அந்த வெள்ளைக்கரு ஒன்றுதான் சாட்சி.

தப்பியோடி, பிச்சைக்கார வேடத்தில் தந்தையின் கைபிடித்து நடக்கும் எட்கரும் உண்மையைச் சொல்ல வாய் திறப்பதில்லை. கடைசியில்தான் தான் யாரென்று சொல்லி ஆசி கேட்கிறான். மகிழ்ச்சியும் துயரமும் ஒருசேர மோத, கிழவரின் இதயம் வெடித்துவிடுகிறது. இதை ஷேக்ஸ்பியர் மேடையில் காட்டவில்லை. எட்கர் வாய்மொழியாகச் சொல்கிறான். அதைக் கேட்பவர்களில் ஒருவன், சாகக் கிடக்கும் எட்மண்ட்.