ஒரே கதைக்கு ரெண்டு பார்ட் டூ: ‘டெத் விஷ் 2’ பற்றி

இந்த வாரம் ஒரு பழைய படம். 1982ல வந்த ‘டெத் விஷ் 2’. சார்லஸ் பிரான்சன் ஹீரோ, மைக்கேல் வின்னர் டைரக்டர். ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம். ஒண்ணு, முழுக்கதையையும் சொல்லப்போறேன். நாற்பது வருஷத்துக்கு மேல ஆன படத்துக்கு ஸ்பாய்லர் சொல்லிட்டேன்னு யாரும் சண்டைக்கு வராதீங்க. ரெண்டு, படத்துல பாலியல் வன்முறை இருக்கு. அதை விவரிக்க மாட்டேன், ஆனா அதைத் தொடாம இந்தப் படத்தைப் பேசவும் முடியாது. பக்கத்துல குழந்தைங்க இருந்தா ஹெட்போன் மாட்டிக்கோங்க.

படம் நல்லா இருக்குமான்னு கேட்டா, இல்ல. ரோஜர் ஈபர்ட் முதல் பாகத்துக்கு மூணு ஸ்டார் கொடுத்தவர், இதுக்கு ஒரு ஸ்டார்கூட கொடுக்கல. அப்புறம் ஏன் ஒரு எபிசோட்? பார்ட் 1க்கும் பார்ட் 2க்கும் நடுவுல கதையில முக்கியமா ஒரே ஒரு விஷயத்தைத்தான் மாத்தியிருக்காங்க. அதை மாத்தினதும் முதல் படத்துல இருந்த கேள்வியே காணாமப் போயிடுது. அந்த ஒரு மாற்றத்தைப் பத்திதான் இன்னைக்குப் பேச்சு.

முதல்ல 1974க்குப் போவோம். பால் கெர்ஸி நியூயார்க்ல ஒரு ஆர்க்கிடெக்ட். கொரியப் போர் சமயத்துல ஆயுதம் தூக்க மாட்டேன்னு சொல்லி மருத்துவப் பிரிவுல வேலை பார்த்த ஆளு. ஒருநாள் அவர் ஆபீஸ்ல இருக்கும்போது மூணு பேர் அவர் வீட்டுக்குள்ள புகுந்துடறாங்க. மனைவி இறந்துடறாங்க. மகள் உயிரோட இருக்கா, ஆனா மனசு உடைஞ்சு பேச்சே நின்னு போயிடுது. (அந்த மூணு பேர்ல ஒருத்தர் ஜெஃப் கோல்ட்ப்ளம். ஆமா, ‘ஜுராசிக் பார்க்’ கோல்ட்ப்ளம்தான். அவருக்கு அதுதான் முதல் படம்.) போலீஸ்கிட்ட கேட்டா, பிடிக்க வாய்ப்பு ரொம்பக் குறைவுன்னு கையை விரிக்கிறாங்க. அப்புறம் கெர்ஸி வேலை விஷயமா டூசான் போறார், அங்க ஒரு கிளையன்ட் அவருக்கு ஒரு துப்பாக்கியைப் பரிசாக் கொடுக்கிறார். நியூயார்க் திரும்பினதும் ராத்திரி பார்க்ல, சப்வேயில தனியா நடக்க ஆரம்பிக்கிறார். வழிப்பறி பண்ண வர்றவங்களைச் சுடறார். முதல் தடவை சுட்டுட்டு வீட்டுக்கு வந்து வாந்தி எடுக்கிறார். போகப்போக வாந்தி வர்றதில்ல.

இங்க கவனிக்க வேண்டியது இதுதான்: மனைவியைக் கொன்ன அந்த மூணு பேரை அவர் கடைசி வரைக்கும் கண்டுபிடிக்கிறதே இல்ல. அவங்க முகமே அவருக்குத் தெரியாது. அவர் சுடறது எல்லாம் வேற ஆளுங்களை. அப்போ இது பழிவாங்கலா? சமூக சேவையா? இல்ல, இந்த மனுஷனுக்கு இதுல ஒரு ருசி வந்துடுச்சா? படம் கெர்ஸி பக்கம்தான் சாயுது, அதுல சந்தேகமே இல்ல. ஆனாலும் அந்தக் கேள்வி உறுத்திக்கிட்டே இருக்கும். கடைசியில போலீஸே அவரை ஊரை விட்டு அனுப்பி வைக்குது. சிகாகோவுல போய் இறங்கினதும், ஸ்டேஷன்ல வம்பு பண்ற சில பசங்களைப் பார்த்து விரலைத் துப்பாக்கி மாதிரி நீட்டிச் சிரிக்கிறார். அதோட படம் முடியுது. அந்தச் சிரிப்பைப் பார்த்தா சந்தோஷமாவும் இருக்காது, நிம்மதியாவும் இருக்காது.

இந்தப் படம் ஒரு நாவல்ல இருந்து எடுத்தது. பிரையன் கார்ஃபீல்ட் 1972ல எழுதினது. நாவல்ல ஹீரோ ஆர்க்கிடெக்ட் இல்ல, ஒரு சாதாரண அக்கவுன்டன்ட். கார்ஃபீல்ட் எழுதினது ஒரு எச்சரிக்கைக் கதை: பயமும் கோபமும் ஒரு நல்ல மனுஷனை எங்க கொண்டுபோய் நிறுத்தும்னு காட்டறது. படம் அந்த மனுஷனைக் கொண்டாடின விதம் அவருக்குப் பிடிக்கல. 1975ல அவரே அடுத்த பாகம் எழுதினார், ‘டெத் சென்டன்ஸ்’னு. அதுல ஹீரோ சிகாகோவுல இருக்கார், அவரைப் பார்த்து இன்னொருத்தன் அதே வேலையில இறங்கிடறான். அதாவது கார்ஃபீல்டோட பார்ட் டூ கேக்கற கேள்வி இது: நீ துப்பாக்கியைத் தூக்கினது நியாயம்னே வச்சுக்குவோம், உன்னைப் பார்த்துத் தூக்கறவன் யாரு? அவனுக்கு யார் கணக்குக் கேக்கறது?

சினிமாவோட பார்ட் டூ இதுக்கு நேர் எதிர்த் திசையில போச்சு. இப்போ உரிமை மெனாகம் கோலன், யோரம் குளோபஸ் ரெண்டு பேரோட கேனன் ஃபிலிம்ஸ் கையில. கார்ஃபீல்டோட ரெண்டாவது நாவலை அவங்க தொடல, புதுக்கதை எழுதினாங்க. ஊர் லாஸ் ஏஞ்சலஸ். பிரான்சனுக்கு அப்போ வயசு 60. காதலியா வர்ற ரேடியோ நிருபர் ஜெரி வேஷத்துல அவரோட நிஜ மனைவி ஜில் அயர்லாந்து. மியூசிக் யார் தெரியுமா? லெட் ஸெப்பலின் ஜிம்மி பேஜ். லண்டன்ல டைரக்டர் வின்னரோட பக்கத்து வீட்டுக்காரர் அவர்.

கதை இதுதான். அஞ்சு பேர் கெர்ஸியோட பர்ஸைப் பறிக்கிறாங்க. பர்ஸ்ல அட்ரஸ் இருக்கு. நேரா வீட்டுக்குப் போறாங்க. வீட்டு வேலை செய்ற பெண் ரோசாரியோ கொல்லப்படறாங்க. மகள் கேரலைக் கடத்திட்டுப் போறாங்க, அவளும் சாகறா. அப்புறம் கெர்ஸி நகரத்தோட அழுக்கான பகுதியில ஒரு மலிவான ரூம் எடுத்து, ராத்திரி ராத்திரி அந்த அஞ்சு பேரையும் தேடிப்போய் ஒவ்வொருத்தராக் கொல்றார்.

மாற்றம் எதுன்னு பிடிச்சிட்டீங்களா? இந்தத் தடவை கெர்ஸி அவங்க முகத்தைப் பார்த்துட்டார். நம்ம பாஷையில சொன்னா, முதல் படத்து மேல ஆடியன்ஸ் ஒரு பக் ரிப்போர்ட் போட்டிருக்காங்க: “கொன்னவனுங்க சிக்கவே இல்லையே சார்!” கேனன் அதுக்கு ஒரு பேட்ச் ரிலீஸ் பண்ணிட்டாங்க. இனிமே ஒவ்வொரு குண்டும் சரியான அட்ரஸுக்குத்தான் போகும்.

பார்க்கிறப்போ ரொம்பத் திருப்தியா இருக்கும். எனக்கும் இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். ஆனா கோடு எழுதினவரே டெஸ்ட் கேஸையும் எழுதினா என்ன ஆகும்? எல்லாமே பாஸ் ஆகும். இங்கயும் அதான். குற்றத்தைக் காட்டறதும் கேமரா, குற்றவாளி இவன்தான்னு சொல்றதும் அதே கேமரா. சாட்சி நாமதான், ஜட்ஜும் நாமதான். கெர்ஸி தப்பான ஆளைச் சுட வாய்ப்பே இல்லாதபடி ஸ்கிரிப்ட் எழுதியாச்சு. அப்புறம் கோர்ட் எதுக்குன்னு தோணத்தானே செய்யும்?

இந்த ஏற்பாடு வேலை செய்யணும்னா படம் என்னென்ன பண்ண வேண்டியிருக்குன்னு பாருங்க. மகள் செத்த பிறகு போலீஸ் உதவி கேக்கறாங்க, அவங்களை அடையாளம் காட்ட முடியுமான்னு. கெர்ஸி ஒத்துழைக்க மறுத்துடறார். ‘சட்டம் தோத்துடுச்சு, அதனால நான் இறங்கினேன்’னுதான் இந்த மாதிரிப் படங்களைப் பத்தி நாம சொல்லுவோம். இங்க சட்டத்துக்கு வாய்ப்பே கொடுக்கல. இன்னொரு இடத்துல கெர்ஸி ஒரு ஜோடியைக் காப்பாத்தறார். போலீஸ் வந்து ஆள் எப்படி இருந்தான்னு கேட்டா, நன்றிக்கடனா வேணும்னே ஒண்ணுக்கும் உதவாத அடையாளமாச் சொல்றாங்க. முதல் படத்துல அவரைத் தேடின டிடெக்டிவ் ஓச்சோவா நியூயார்க்ல இருந்து வர்றார், துப்பாக்கிச் சண்டையில குண்டடி பட்டு சாகறப்போ, மிச்சம் இருக்கறவனையும் முடிச்சிடுங்கிற மாதிரி சொல்லிட்டுப் போறார்.

அந்தக் கடைசி ஆளைப் போலீஸே பிடிச்சிடுது. மனநிலை சரியில்லைன்னு தீர்ப்பாகி மனநல மருத்துவமனைக்கு அனுப்பறாங்க. கெர்ஸி போலியா ஒரு டாக்டர் அடையாள அட்டை தயார் பண்ணி உள்ள போய் அவனையும் கொல்றார். அங்க வேலை பார்க்கிற ஊழியர் ஒருத்தர் கெர்ஸியை அடையாளம் கண்டுபிடிச்சும், தப்பிச்சுப் போக மூணு நிமிஷம் கொடுத்துட்டுத்தான் அலாரம் அடிக்கிறார். படத்துல இருக்கற முக்கால்வாசிப் பேர் கெர்ஸிக்கு வழிவிட்டு ஒதுங்கிக்கிறாங்க. மறுக்கறது ஒரே ஒருத்தர்தான், ஜெரி. உண்மை தெரிஞ்சதும் நிச்சயதார்த்த மோதிரத்தைக் கழட்டி வச்சுட்டுப் போயிடறாங்க. படம் அவங்களை மதிச்சு நின்னு ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசல.

ரோசாரியோவையும் கேரலையும் பத்தியும் சொல்லணும். ரெண்டு படத்துலயும் கேரலுக்கு என்ன வேணும்னு யாருமே கேக்கல. அவளோட வலி, ஹீரோவோட வண்டியை ஸ்டார்ட் பண்ற சாவியா மட்டும்தான் பயன்படுது. அந்தக் காட்சிகளைத் தேவைக்கு மேல நீட்டி எடுத்திருக்கறதும் அதுக்காகத்தான். நமக்கு எவ்வளவு கோபம் ஏறுதோ, அப்புறம் அவ்வளவு கம்மியாத்தான் கேள்வி கேப்போம்.

சரி, கேமரா முன்னாடியே போய்க் காட்டாத ஒரு நிஜச் சம்பவத்துல இது எப்படி இருக்கும்? இந்தப் படம் வந்து ரெண்டே வருஷத்துல, 1984 டிசம்பர் 22, நியூயார்க் சப்வே. பெர்ன்ஹார்ட் கெட்ஸ்னு ஒருத்தர்கிட்ட இளைஞர்கள் அஞ்சு டாலர் கேக்கறாங்க. அவர் துப்பாக்கியை எடுத்து நாலு பேரையும் சுட்டுடறார். நாலு பேரும் பிழைச்சாங்க, ஆனா ஒருத்தரால வாழ்க்கை முழுக்க நடக்க முடியாமப் போச்சு. பத்திரிகைகள் ‘டெத் விஷ்’ பேரை இழுத்தன. நிறையப் பேர் கெட்ஸைக் கொண்டாடினாங்க.

அந்த அஞ்சு டாலர் பிச்சையா, மிரட்டலா? அவர் பயந்து சுட்டாரா, வன்மத்துல சுட்டாரா? இதைக் கண்டுபிடிக்க வருஷக்கணக்கா ஆச்சு. 1987ல ஒரு ஜூரி கொலை முயற்சி வழக்குல அவரை விடுதலை பண்ணுச்சு, லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி வச்சிருந்தது மட்டும்தான் குற்றம்னு. 1996ல சிவில் வழக்குல இன்னொரு ஜூரி, நடக்க முடியாமப் போன அந்த இளைஞருக்கு 4 கோடியே 30 லட்சம் டாலர் கொடுக்கணும்னு சொல்லுச்சு. ஒரே ரயில் பெட்டி, ஒரே சம்பவம், ரெண்டு ஜூரி, ரெண்டு விதமான முடிவு. இவ்வளவு குழப்பமான விஷயத்தைத்தான் படத்துல பிரான்சன் ஒரு நிமிஷத்துல முடிச்சுக் காட்டறார்.

கெட்ஸ் விவகாரம் சூடா இருக்கும்போதே 1985 நவம்பர்ல ‘டெத் விஷ் 3’ வந்துச்சு. அதுல போலீஸ் அதிகாரியே கெர்ஸிக்கு மறைமுகமா அனுமதி கொடுக்கிறார். மெஷின் கன், ராக்கெட் லாஞ்சர்னு ஒரு தெருவையே போர்க்களம் ஆக்கிடறாங்க. இப்போ யார் என்ன குற்றம் பண்ணினான்னு பார்க்கறதே இல்ல, கேங்ல இருந்தாப் போதும். முதல் படத்துல ஆள் யாருன்னே தெரியாது, அது உறுத்துச்சு. ரெண்டாவதுல தெரியும், அதனால நிம்மதி. அந்த நிம்மதியில கெர்ஸி குறி தப்பாதுன்னு நாம பழகிட்டோம், மூணாவதுல யாரைச் சுட்டாலும் கைதட்டறோம். ரெண்டாம் பாகம் பண்ணின பெரிய வேலை இந்தப் பழக்கத்தை உண்டாக்கினதுதான்.

நம்ம ஊருக்கும் இதுக்கும் ஒரு நேரடி உறவு உண்டு. அதே 1985ல எஸ்.ஏ.சந்திரசேகர் இயக்கத்துல ரஜினி நடிச்ச ‘நான் சிகப்பு மனிதன்’. அது ‘ஆஜ் கி ஆவாஸ்’ங்கிற இந்திப் படத்தோட ரீமேக். அந்த இந்திப் படத்துக்குத் தூண்டுதல் ‘டெத் விஷ்’. கார்ஃபீல்டோட அக்கவுன்டன்ட் பேத்தி பேரன் எடுத்து நம்ம ஊர்ல ப்ரொபசரா வந்து நின்னுட்டார்.

இதெல்லாம் சினிமாதானேன்னு விட்டுடலாம். ஆனா போன வருஷம் எங்க அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு சிசிடிவி கிளிப் வந்துச்சு. நாற்பது செகண்ட் இருக்கும். ராத்திரி பார்க்கிங்ல ஒருத்தன் ஒரு பைக்ல சாவியைப் போட்டுப் போட்டுப் பார்க்கிறான், திறக்கல. அஞ்சு நிமிஷத்துல முகத்தை மட்டும் கட் பண்ணி ஃபோட்டோ போட்டாச்சு. “சிக்கினா போலீஸுக்குப் போன் பண்ணாதீங்க, முதல்ல நம்ம கவனிச்சுக்கலாம்”னு ஒருத்தர். கீழ வரிசையா கட்டைவிரல். தினமும் லிஃப்ட்ல சிரிச்சுப் பேசற மனுஷங்க இவங்க எல்லாம். கடைசியில எங்க வாட்ச்மேன் அண்ணன் சொன்னார்: “சார், அந்தத் தம்பி மூணாவது மாடியில புதுசா வந்திருக்கறவங்களோட மச்சான். நான் அப்பவே போய் எந்த வீடு தம்பின்னு கேட்டேன். அவசரத்துல வேற சாவியை எடுத்துட்டு வந்துட்டாரு.” அந்தக் கிளிப்புல அண்ணன் கேள்வி கேக்கறதுக்கு முன்னாடியே வீடியோ முடிஞ்சிருந்துச்சு.

கோபம் பொய்யில்ல. வழக்கு இழுத்துக்கிட்டே போறதும், பாதிக்கப்பட்டவங்க கோர்ட்டுக்கு நடந்து நடந்து ஓய்ஞ்சு போறதும் பொய்யில்ல. அதைச் சரி பண்ணணும்னு கேக்க வேண்டிய கோபத்தை, எடுத்து வச்ச குறி தப்பவே தப்பாத ஒரு ஹீரோகிட்ட ஒப்படைச்சுட்டு வீட்டுக்குப் போயிடறோம், அதுதான் என் வருத்தம். கார்ஃபீல்ட் கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல.

பார்க்கணும்னு தோணினா 1974 படத்துல இருந்து ஆரம்பிங்க. ரெண்டாவதைப் பார்க்கும்போது ஒண்ணு மட்டும் பண்ணுங்க: “அது இவன்தான்னு உனக்கு எப்படித் தெரியும்?”னு கெர்ஸிகிட்ட எத்தனை பேர் கேக்கறாங்கன்னு எண்ணிப் பாருங்க. எண்ணிட்டு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல சேர்த்துக்கறேன்.