சுவர் வியர்ப்பது ஏன்?



தாமான்களில் உள்ள வரிசை வீடுகளின் பின்புறத்தில் முன்பு ஒரு வெற்றிடம் இருக்கும். துணி காய்வதும் கறிவேப்பிலை வளர்வதும் அங்கேதான். இன்று பல வீடுகளில் அந்த இடம் இல்லை. குடும்பம் பெருகுகிறது, பாட்டிக்கு ஓர் அறை வேண்டும், சமையலறையும் பெரிதாக வேண்டும். குத்தகையாளர் வருகிறார். சுவர் எழும்புகிறது. மேலே வெளிச்சம் வரும் பாலிகார்பனேட் தகடு போடப்படுகிறது.

ஓராண்டுக்குள் சுவரில் கறுப்புப் புள்ளிகள் தோன்றுகின்றன. பாட்டியின் தலையணையில் பூஞ்சண வாடை வீசுகிறது. வீட்டுக்காரர் விலை உயர்ந்த சாயம் வாங்கி அடிக்கிறார். தீபாவளிக்கு அடித்த சாயம் தைப்பூசத்திற்குள் உரிந்து விடுகிறது. மீண்டும் சாயம், மீண்டும் செலவு.

ஓதம் என்பது சாயத்தின் குறை அன்று. ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டறியாதவரை எந்தச் சாயமும் நிற்காது.

ஈரம் வரும் வழிகள் மூன்று. முதலாவது ஒழுகல். இரவில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு நீர்மானியைப் பார்க்க வேண்டும். அது ஓடிக்கொண்டிருந்தால் எங்கோ குழாய் கசிகிறது. இரண்டாவது, தரையிலிருந்து ஏறும் ஈரம். சுவரின் அடிப்பகுதியில் உப்புப் போல வெண்மையாகப் பூத்திருப்பது அதன் அடையாளம். மூன்றாவது, காற்றிலிருந்து படியும் ஈரம். மூடப்பட்ட பின்கட்டுகளில் பெரும்பாலோர் கவனிக்கத் தவறுவது இதைத்தான்.

30 பாகை வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்று, ஏறக்குறைய 26 பாகைக்குக் குளிர்ந்த பரப்பில் பட்டாலே நீராகப் படியத் தொடங்கும். அடுத்த அறையில் குளிர்சாதனம் இரவெல்லாம் ஓடினால், இந்தப் பக்கச் சுவர் வியர்க்கும். மெல்லிய கூரைத் தகடும் இரவில் விரைவாகக் குளிரும். சோறு கொதிக்கும் ஆவி, துவைத்த துணியின் ஈரம், உறங்குவோரின் மூச்சு யாவும் அதன் அடியில் துளியாகி, விடியற்காலையில் சொட்டும். மழையே பெய்யாத நாளிலும் கூரை ஒழுகுவதாக எண்ணி, மேலே ஏறித் தார் பூசுவோர் உண்டு.

ஐயம் தீர எளிய சோதனை ஒன்று உண்டு. ஓர் அடி அலுமினியத் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரங்களையும் ஒட்டி இரண்டு நாள் விட வேண்டும். தாளின் வெளிப்புறம் நனைந்தால் ஈரம் காற்றிலிருந்து வருகிறது. உட்புறம் நனைந்தால் சுவரிலிருந்து வருகிறது.

காற்றுதான் காரணம் என்றால், மருந்தும் காற்றுதான். கூரைக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி விட்டுக் கொசுவலைக் கம்பி அடிக்கலாம். அதற்கு எதிர்ப்புறத்தில் தாழ்வாக ஒரு திறப்பு வேண்டும். அடுப்பின் ஆவியை இழுக்கும் விசிறி, அதைக் கூரைக்குள் விடாமல் வீட்டிற்கு வெளியே தள்ள வேண்டும். அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வைக்க வேண்டும். ஈரத் துணியை உள்ளே காயப்போடுவதைத் தவிர்க்க வேண்டும்.

பூஞ்சணத்தைச் சவர்க்கார நீரால் தேய்த்துக் கழுவி, நன்றாக உலர்த்திய பிறகே சாயம் அடிக்க வேண்டும். குளோரின் கலந்த வெளுப்பு நீருடன் வினிகரையோ கழிவறை அமிலத்தையோ கலக்கவே கூடாது. அதிலிருந்து கிளம்பும் நச்சுவாயு மூச்சையே அடைக்கும்.

இது சுவரின் அழகைப் பற்றிய பேச்சு மட்டுமன்று. ஓதமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் வாழ்வோருக்கு மூச்சுத் தொல்லையும் ஆஸ்துமாவும் கூடுதலாக வருகின்றன என்று உலகச் சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. அந்த அறையில் படுப்பவர் பாட்டி. அவர் மடியில் உறங்குவது பேரக்குழந்தை.

மலேசியாவின் 1984ஆம் ஆண்டுக் கட்டடத் துணைச் சட்டங்கள், அறையின் தரைப்பரப்பில் 10 விழுக்காடு சன்னலும், 5 விழுக்காடு தடையின்றிக் காற்று புகும் திறப்பும் வேண்டும் என்று விதித்தன. 12 அடிக்கு 20 அடி அறைக்கு, 12 சதுர அடித் திறப்பு. நகராண்மைக் கழகத்தில் வரைபடம் கொடுத்து அனுமதி பெறுவதை வீண் அலைச்சல் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை எண்ணிப் பார்க்க வேண்டும்.

தூண்மேல் நிற்கும் கம்பத்து வீடும், நடுவே வானம் பார்த்த பழைய கடைவீடும் காற்றுக்கு வழிவிட்டே கட்டப்பட்டன. வீட்டைப் பெரிதாக்குவதில் தவறில்லை. அதன் மூக்கை அடைக்காமல் பெரிதாக்க வேண்டும்.