செயின்ட் லூயிஸும் சிவப்பு அடையாள அட்டையும்



1990களில் போரில் வீடிழந்த போஸ்னியர்கள் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் குடியேறினார்கள். மக்கள் விட்டுப்போன பெவோ வட்டாரத்தில் கடைகள் திறந்து தெருவுக்கே உயிர் கொடுத்தார்கள். அகதியாக வந்தவர் ஐந்தாண்டில் குடியுரிமைக்கு மனுச் செய்யலாம் என்பது அங்குள்ள சட்டம்.

ஜொகூரில் பால்மரம் வெட்டிய நம் பாட்டிகளுக்கு? 1969இல் குடியுரிமை இல்லாதோருக்கு வேலை பெர்மிட் கட்டாயம் என்றதும் ஆயிரக்கணக்கானோர் கப்பலேறினார்கள். மிஞ்சியவர்களில் பலர் சிவப்பு அட்டையோடே கண்மூடினார்கள்.

இன்று நான் பார்க்கும் வழக்குகளில் நம் தவறும் இருக்கிறது. கோயிலில் தாலி கட்டினால் போதுமென்று இருந்துவிடுகிறோம். 1982 மார்ச் முதல் திருமணப் பதிவு கட்டாயம். பதியாவிட்டால் பிள்ளைக்குத் தாயின் குடியுரிமைதான். தகப்பனின் நீல அட்டை உதவாது. தாயிடமும் பத்திரம் இல்லையென்றால் பிள்ளை அந்நியன்தான்.

கூட்டம் முடிந்ததும் பழைய பிறப்புப் பத்திரம், தோட்டச் சம்பளச் சீட்டு, எது இருந்தாலும் என்னிடம் காட்டிவிட்டுப் போங்கள்.