வளர்ச்சி ஓரூரில், புகை வேறூரில்
(கேளம்பாக்கத்தில் நிகழ்ந்த தமிழ்க் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



கேளம்பாக்கத்தினின்று கோவளம் செல்லும் வழியில், கழியை ஒட்டிக் கிடக்கும் உப்பளங்களை அறியாதார் இவ்வூரில் இலர். கழிநீரைப் பாத்தியில் தேக்குவர், கதிரவன் காய்ச்சுவான், காற்று உலர்த்தும், மரப்பலகையால் வாரிக் குவிப்பர். கழக நூல்கள் கூறும் உமணர் காலந்தொட்டு உப்பு விளைந்தது இவ்வாறே. அவ்விளைவு ஒரு பிடி நிலக்கரியையும் கேட்டதில்லை. இதே ஊருக்கு வடக்கே, சிறுசேரியில் கணிப்பொறிக் கூடங்கள் எழுந்தன. அங்கும் புகைக்கூண்டு இல்லை. எனவே 'தூய தொழில்' என்று அதற்குப் பெயர் சூட்டினர்.

புகை இல்லையா? குளிரூட்டியும் மின்தூக்கியும், இரவிலும் உறங்காக் கணிப்பொறியும் உண்ணும் மின்னாற்றல் எங்கிருந்து வருகின்றது? எல்லா நிலையத்து மின்னும் ஒரே கம்பி வலையில் கலந்தோடுவதால், இன்ன விளக்குக்கு இன்ன நிலையம் என்று பிரித்தல் இயலாது. தெற்கே கல்பாக்கத்தின் அணு உலைகள் புகைவதில்லை. (அவற்றின் அச்சம் வேறு, அது வேறொரு நாளுக்குரிய பேச்சு.) ஆனால் அவ்வலைக்குப் பெரும்பங்கு ஊட்டுவது நிலக்கரியே. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 முதல் 2017 வரை எரிந்து ஓய்ந்தது. அத்திப்பட்டில் 1994-இல் தொடங்கிய வடசென்னை அனல்மின் நிலையம் இன்றும் எரிகின்றது. சாம்பற் குழாய்களினின்று கசிந்தது கொசத்தலையாற்றுக் கழியில் படிந்தது. மீனும் இறாலும் தேடி இறங்கிய மீனவர் காலில் சாம்பற் சேறு ஒட்டிற்று. வருவாய் இங்கே, சாம்பல் ஏறத்தாழ நாற்பது கல் தொலைவில்.

உலக நடப்பும் இதுவே. கரியமிலவளி என்றும் கூறப்படும் கரிவளி, வானிற் சேர்ந்தால் நூற்றாண்டுக் கணக்கில் தங்குவது. நீராவிப் பொறியின் காலந்தொட்டு மேலையர் எரித்த கரியின் ஒரு பகுதி இன்னும் அங்கேயே நிற்கின்றது. அமெரிக்கர் ஒருவர்க்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 14 தொன். இந்திய ஒன்றியத்தில் ஏறத்தாழ 2 தொன். உலக மக்களில் ஆறில் ஒரு பங்கினர்க்கு மேல் இங்கு வாழ்ந்தும், எரிபொருளால் இதுகாறும் உமிழப்பட்டதில் இந்நாட்டின் பங்கு நூற்றுக்கு நான்கைத் தொடவில்லை. 'பொறுப்புப் பொது, ஆயினும் வேறுபட்டது' என்னும் கொள்கையை 1992-இல் இரியோ மாநாடு ஒப்பியதன் காரணம் இது. ஏழை நாட்டார் விளக்கேற்றலாகாது என்று தடுக்க மேலையர்க்கு உரிமையில்லை.

ஆனால் அந்த 2 தொன் யாருடையது? உப்பு வாருபவருடையதையும் குளிரூட்டிய மாளிகையில் உறைபவருடையதையும் கூட்டி வகுத்த கணக்கன்றோ அது! உலக மன்றில் தில்லி உப்பளத்தாரின் வறுமையைக் காட்டி உரிமை கேட்கின்றது; பெற்ற உரிமை மாளிகைக்குப் போய்ச் சேர்கின்றது.

வளர்ச்சியும் புகையும் பிரியா இரட்டையர் என்பதும் முழு உண்மையன்று. 2005-க்கும் 2019-க்கும் இடையே, ஈட்டிய ஒவ்வோர் உருபாவுக்குமான உமிழ்வு நூற்றுக்கு 33 குறைந்ததென்று நடுவணரசே ஐ.நா. அவைக்கு எழுதித் தந்தது. குறைந்தது உருபாவுக்கான அளவே. மொத்தப் புகை ஏறிற்று. முப்பந்தலின் காற்றாலைகளும், 2016-இல் கமுதியில் எழுந்த 648 மெகாவாட்டுக் கதிரவ மின்நிலையமும் வேறு வழி காட்டுகின்றன. உப்பளத்தில் உழைக்கும் அதே கதிரவனும் காற்றுமே அங்கும் உழைக்கின்றன.

இவற்றை அத்திப்பட்டு மீனவரும் கேளம்பாக்கத்து உப்பளத்தாரும் பேச வேண்டாவா? எம்மொழியில் பேசுவது? 2020-இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை நடுவணரசு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வெளியிட்டது. எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளிலும் பெயர்த்து வெளியிடுக என்று அவ்வாண்டு சூன் 30-இல் தில்லி உயர் முறைமன்றம் ஆணையிட்டது. நடுவணரசோ அவ்வாணையை எதிர்த்து உச்ச முறைமன்றம் ஏறிற்று! தமிழர் கழியில் சாம்பல் படிய மொழி தடையாகவில்லை. தமிழில் தாள் அச்சிடவே தடையாயிற்று.

இனி இக்கரையில் எந்த ஆலைக்கேனும் மக்கள் கருத்துக்கேட்பு நிகழுமாயின், முழு அறிக்கையும் தமிழில் கைக்கு வந்த பின்னரே கூட்டம் தொடங்க வேண்டும் என்று எழுந்து நின்று கேளுங்கள். கரிவளி எத்தனை தொன், மின்னை நுகர்வோர் யார், கழிவு எவ்வூரில் கொட்டப்படும் என்பவற்றை முதற்பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.