சூரியன் கட்டின குமிழி, அதை நெருக்குற மேகம்

இன்னைக்கு எபிசோடு சூரியனோட எல்லையைப் பத்தி. கடைசி கிரகம் நெப்டியூன், அதோட முடிஞ்சுதுன்னுதான் ஸ்கூல்ல படிச்சோம். ஆனா சூரியன்ல இருந்து எல்லாத் திசையிலயும் ஒரு காத்து வீசிட்டே இருக்கு. மின்னேற்றம் கொண்ட துகள்கள், நொடிக்கு சராசரியா 400 கிலோமீட்டர் வேகம். நெப்டியூனைத் தாண்டியும் போய், விண்மீன்களுக்கு நடுவுல இருக்கற வாயுவைத் தள்ளி, அந்தக் காத்து ஒரு பெரிய குமிழியை ஊதி வெச்சிருக்கு. அதுக்குப் பேர் ஹீலியோஸ்பியர். நாம எல்லாரும் அதுக்குள்ளதான் குடியிருக்கோம்.

வெளியில வெடிச்ச விண்மீன்கள்ல இருந்து வர்ற காஸ்மிக் கதிர்கள்ல சுமார் 70 சதவீதத்தை இந்தக் குமிழி தடுத்துடுது. மிச்சத்தைத்தான் பூமியோட காந்தப்புலமும் காத்துமண்டலமும் பாத்துக்குது. நம்ம ஐ.டி. பாஷையில இது முதல் ஃபயர்வால். ஆனா இந்த ஃபயர்வாலோட அளவு நிலையானது இல்ல.

எங்க வரதராஜன்பேட்டை பக்கம் மாதா கோயில் தேர்பவனி பாத்தவங்களுக்கு இது சுலபமா புரியும். தேரைச் சுத்தி பசங்க கயிறு பிடிச்சு ஒரு வளையம் போடுவாங்க. அந்த வளையம் எவ்வளவு அகலமா நிக்கும்னு ரெண்டு விஷயம் முடிவு பண்ணுது: உள்ள இருந்து பசங்க தள்ற பலம், வெளிய இருந்து கூட்டம் நெருக்குற பலம். மைதானத்துல வளையம் விரியும். சந்துக்குள்ள நுழைஞ்சா கயிறு தேரோட ஒட்டிக்கும். சூரியனும் நகர்ற தேர்தான். தன்னைச் சுத்தி இருக்கற வாயு மேகத்துக்குள்ள நொடிக்கு சுமார் 26 கிலோமீட்டர் வேகத்துல போயிட்டு இருக்கு.

முதல்ல உள்ளிருந்து தள்ற பலம். இதை அளக்கற இடம் நம்ம ஊட்டியிலயே இருக்கு. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில கட்டின ஊட்டி ரேடியோ தொலைநோக்கி 1970-ல வேலையை ஆரம்பிச்சுது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். ஊட்டியோட அட்சரேகை 11 டிகிரி, மலைச்சரிவும் அதே 11 டிகிரி வர்ற மாதிரி இடம் தேடிக் கட்டினாங்க. காத்து அசையறதால விண்மீன் மினுக்குது இல்ல? அதே மாதிரி சூரியக்காத்து குறுக்க போகும்போது தூரத்து ரேடியோ மூலங்களும் மினுக்கும். அந்த மினுக்கலை வெச்சு காத்தோட வேகத்தைக் கணக்கு போடுவாங்க. அதே ஊட்டியில கிரேப்ஸ்-3 இருக்கு. காஸ்மிக் கதிர்கள் மேல மோதி உண்டாகிற மியூவான்களை ஒரு நாளைக்கு சுமார் 400 கோடி எண்ணுது. பெரிய சூரியப் புயல் பூமியைக் கடந்தா, இந்த எண்ணிக்கை குறையும்.

சூரியன் பலமா ஊதினா குமிழியும் விரியும், ஆனா உடனே இல்ல. 2014 கடைசியில சூரியக்காத்தோட அழுத்தம் சுமார் 50 சதவீதம் ஏறுச்சு. ஐபெக்ஸ் செயற்கைக்கோள் குமிழியோட விளிம்புல அதுக்கான மாற்றத்தைப் பாத்தது ரெண்டு வருஷத்துக்கு மேல கழிச்சுத்தான். காத்து அங்க போய் முட்டி, அந்தச் சேதி திரும்பி வரணும். அவ்வளவு தூரம்!

இப்போ வெளியில இருக்கற கூட்டம். இப்போதைக்கு அது ரொம்ப லேசு. ஒரு கன சென்டிமீட்டருக்கு ஒரு அணுகூட முழுசா இல்ல. அதனாலதான் வாயேஜர் 1 எல்லையைத் தாண்டின 2012 ஆகஸ்ட்ல, அது சூரியன்-பூமி தூரத்தைப் போல சுமார் 120 மடங்கு தள்ளி இருந்துச்சு. எப்பவும் இப்படியே இருந்ததா?

2024-ல மெராவ் ஓஃபரும் அவங்க குழுவும் நேச்சர் அஸ்ட்ரானமி இதழ்ல ஒரு கணக்கு வெளியிட்டாங்க. சுமார் 20 லட்சம் வருஷம் முன்னாடி, ஒரு கன சென்டிமீட்டருக்கு ஆயிரக்கணக்கான அணுக்கள் இருந்த குளிர்ந்த மேகத்துக்குள்ள சூரியன் நுழைஞ்சிருக்கலாம். அப்படி நடந்திருந்தா குமிழி புதன் கிரகத்தோட பாதைக்கும் உள்ள சுருங்கியிருக்கும். பூமி, கயிறுக்கு வெளிய. நம்ம முன்னோர்கள் ஆப்பிரிக்காவுல கல்லாயுதம் செஞ்சுட்டு இருந்த காலம் அது.

இதுக்கு லாக் ஃபைல் எங்க? கடலடியில. இரும்பு-60ங்கிற கதிரியக்க இரும்பு பெரிய விண்மீன்கள்ல உருவாகி, அதுங்க வெடிக்கும்போது வெளிய சிதறும். இந்தியப் பெருங்கடல் அடிமண்ணுல, ஏறக்குறைய அதே காலத்து அடுக்குல அது கிடைச்சிருக்கு. அப்போலோ கொண்டுவந்த நிலா மண்ணுலயும் கிடைச்சிருக்கு. ஆனா பக்கத்துல வெடிச்ச விண்மீனோட தூசி நேரா வந்து விழுந்திருந்தாலும் இதே தடயம்தான் இருக்கும். அதனால இந்த இரும்பு மேகக் கதையோட பொருந்துது, அதை நிரூபிச்சுடல.

அரியலூர்க்காரங்க கேப்பீங்க: நம்ம மாவட்டத்துலதான் பழைய கடலே கல்லாக் கிடக்கே, அங்க தேடலாமேன்னு. முடியாது. இரும்பு-60 ஒவ்வொரு 26 லட்சம் வருஷத்துக்கும் பாதியாக் குறையும். நம்ம அம்மோனைட் கற்களோட வயசு குறைஞ்சது 6.6 கோடி வருஷம். இருபத்தஞ்சு தடவை பாதியானா, மூணு கோடியில ஒரு பங்குகூட மிஞ்சாது. அந்த லாக் எப்பவோ அழிஞ்சுபோச்சு.

இதனால உயிரினம் செத்துதா, பருவநிலை மாறுச்சான்னு யூடியூப்ல நிறைய கதை ஓடுது. ஆதாரம் இன்னும் இல்ல. காந்தப்புலமும் காத்துமண்டலமும் அப்பவும் இருந்துச்சு. நம்ம வம்சமும் தப்பிச்சு வந்திருக்கு. ஆனா இதைத் தீர்த்துச் சொல்லணும்னா, குமிழி நெருக்கத்துக்கு எப்படி வளைஞ்சு கொடுக்குதுன்னு இன்னைக்கே நல்லா அளந்தாகணும். அங்கதான் சிக்கல். 1977-ல கிளம்பின ரெண்டு வாயேஜர் மட்டும்தான் வெளிய வேலை செய்யுது, அதுங்களுக்கும் மின்சாரம் தீர்ந்துட்டு வருது. வாயேஜர் 1-ல காஸ்மிக் கதிர் எண்ணுற கருவியை 2025 பிப்ரவரியில அணைச்சுட்டாங்க. அதே வருஷம் செப்டம்பர்ல கிளம்பின ஐமேப், பூமியில இருந்து 15 லட்சம் கிலோமீட்டர்லயே நின்னு, விளிம்புல இருந்து வர்ற அணுக்களைப் பிடிச்சு குமிழியோட வரைபடம் போடறதுக்குன்னு அனுப்பினது. ஆனா வெளியில போய் நின்னு பாக்கறதுக்குன்னே தனியா ஒரு ஓடம் இன்னும் கிளம்பல. இன்னைக்கே கிளம்பினாலும் போய்ச் சேர பல வருஷம் ஆகும்.

அடுத்த தடவை ஊட்டி போனா, போட்டிங் முடிச்சுட்டு முத்தோரை பக்கம் ஒரு எட்டு போய், மலைச்சரிவுல படுத்திருக்கற அந்தத் தொலைநோக்கியைத் தூரத்துல இருந்தாவது பாத்துட்டு வாங்க. நம்ம கயிறு எவ்வளவு பலமா நிக்குதுன்னு பாக்கற வேலையில அதுக்கும் பங்கு இருக்கு.