டிக்கெட் கையில் இருந்தும் விமானத்தில் இடம் இல்லை என்றால்...

(திருப்பாதிரிப்புலியூரில் நடந்த குடும்ப நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பரங்கிப்பேட்டை, லால்பேட்டை, நெல்லிக்குப்பம் என்று நம் பகுதியில் எந்த ஊருக்குப் போனாலும் சபுராளி வீடுகள் உண்டு. உம்ராவுக்குப் போகிற குடும்பங்களும் நம்மிடையே இருக்கின்றன. ஆகவே விமானப் பயணத்தில் நமக்குள்ள ஒரு ஹக்கைப் பற்றி இன்று பேசுகிறேன்.

என் அக்கா மகன் விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பினான். பஸ் ஏறி, மூன்று மணி நேரம் முன்னதாகவே மீனம்பாக்கம் போய் வரிசையில் நின்றான். இந்திய நிறுவனத்தின் விமானம்தான். கவுண்டரில் இருந்தவர், "ஃப்ளைட் ஃபுல் ஆயிடுச்சு தம்பி, நாளைக்கு அனுப்புறோம்" என்றார். "கன்ஃபார்ம் டிக்கெட் சார்" என்று காட்டினான். பலன் இல்லை. சாப்பாட்டுக் கூப்பன் ஒன்றைக் கொடுத்து உட்கார வைத்தார்கள். ஒரு நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தான். கம்பெனியில் சம்பளம் பிடித்தார்கள். வீட்டில் நாங்கள் "நஸீப்" என்று சொல்லி விட்டுவிட்டோம். பின்னால் விதியைப் படித்தபோதுதான் அவனுக்கு இழப்பீடு சேர வேண்டியிருந்தது என்று தெரிந்தது. நாங்கள் கேட்கவில்லை, அவர்களும் கொடுக்கவில்லை.

இப்படி ஏன் நடக்கிறது? 180 இருக்கை உள்ள விமானத்தில் டிக்கெட் எடுத்த எல்லோரும் வருவதில்லை. சிலர் கடைசி நேரத்தில் நின்றுவிடுவார்கள். இருக்கை காலியாகப் போகக்கூடாது என்று நிறுவனங்கள் கூடுதலாக விற்கின்றன. எல்லோரும் வந்துவிட்டால் சிலரை நிறுத்துகிறார்கள். நம் ஸ்டேஷனில் எழும்பூர் வண்டிக்கு டிக்கெட் எடுத்தால், வெயிட்டிங் லிஸ்ட் என்றால் அப்படியே போட்டுத் தருகிறார்கள். இடம் உறுதி இல்லை என்பது நமக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. விமானத்தில் எல்லோருக்கும் 'கன்ஃபார்ம்' என்று கொடுத்துவிட்டு, வாசலில் வைத்து இல்லை என்கிறார்கள்.

கூடுதலாக விற்பதை நம் நாட்டுச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் டி.ஜி.சி.ஏ. எனப்படும் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2010 முதல் இதற்கு விதி வைத்திருக்கிறது. 2016 ஆகஸ்ட் முதல் தொகையும் உயர்த்தப்பட்டது. அதன் சாரம் இதுதான்.

முதலில், தாமாக விட்டுக்கொடுப்பவர் யாராவது உண்டா என்று நிறுவனம் பயணிகளிடம் கேட்க வேண்டும். யாரும் முன்வராவிட்டால்தான் மற்றவர்களை நிறுத்தலாம். அப்படி நிறுத்தியவரை, புறப்பட வேண்டிய நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் கிளம்பும் வேறு விமானத்தில் அனுப்பினால் இழப்பீடு இல்லை. 24 மணி நேரத்துக்குள் என்றால், ஒருவழி அடிப்படைக் கட்டணத்தைப் போல இரண்டு மடங்கும் எரிபொருள் கட்டணமும் சேர்த்து, ரூ.10,000 வரை. 24 மணி நேரம் தாண்டினால் நான்கு மடங்கு, ரூ.20,000 வரை. வேறு விமானமே வேண்டாம் என்றால் டிக்கெட் பணம் முழுவதும் திரும்ப வரும். அதற்கு மேல் ரூ.20,000 வரை இழப்பீடும் உண்டு. இதைப் பணமாகவோ வங்கி வழியாகவோ தர வேண்டும். நாம் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் மட்டுமே பயணக் கூப்பனாகத் தரலாம். ஆகவே எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று படித்துப் பாருங்கள். வெளிநாட்டு நிறுவனம் என்றால் அதன் சொந்த நாட்டு விதிப்படியும் தரலாம்.

இந்த விதி ஏட்டோடு நிற்கவில்லை. பயணிகளை நிறுத்திவிட்டு இழப்பீடு தரவில்லை என்பதற்காக 2022 ஜூனில் ஏர் இந்தியாவுக்கு டி.ஜி.சி.ஏ. 10 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது.

2017 ஏப்ரலில் அமெரிக்காவின் சிகாகோவில் நடந்ததையும் பலர் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். தங்கள் ஊழியர் நால்வருக்கு இடம் வேண்டும் என்று, ஏறி உட்கார்ந்திருந்த 69 வயது மருத்துவரை யுனைடெட் விமானத்திலிருந்து தரதரவென்று இழுத்துப் போனார்கள். உலகமே கண்டித்த பிறகு, தாமாக இடம் விட்டுக்கொடுப்பவருக்கு 10,000 டாலர் வரை தருவதாக அந்த நிறுவனம் அறிவித்தது. ஆசை காட்டி இடம் கேட்பது வேறு, அடித்து இறக்குவது வேறு என்று அவர்களுக்கு அப்போதுதான் புரிந்தது.

இனி நம் பக்கத்துத் தவறுகள். நேரத்துக்குப் போகாதவருக்கு இந்த ஹக் கிடையாது. கவுண்டர் மூடிய பிறகு போய் நின்று நிறுவனத்தைக் குறை சொல்ல முடியாது. முடிந்தவர்கள் வீட்டிலேயே வெப் செக்-இன் செய்துவிடுங்கள்; கடைசியில் வருபவரை நிறுத்துவதுதான் அவர்களுக்குச் சுலபம். இன்னொன்று, ஏஜென்ட் தன் போன் நம்பரையே டிக்கெட்டில் போட்டுவிடுகிறார். விமானம் மாறினாலும் ரத்தானாலும் செய்தி அவருக்குத்தான் போகிறது. சரியான தொடர்பு எண் தராதவருக்கு, ரத்துக்கான இழப்பீட்டை மறுக்கவும் விதியில் இடம் இருக்கிறது. டிக்கெட் எடுக்கும்போதே, "என் நம்பரைப் போடுங்க பாய்" என்று சொல்லி வாங்குங்கள்.

விசா முடியும் நாள், ஆபரேஷன், ஜனாஸா என்று அவசரம் இருந்தால் கவுண்டரில் வாய்விட்டுச் சொல்லுங்கள். "முதல்ல யாராவது விட்டுக்கொடுக்கிறாங்களான்னு கேளுங்க" என்று வற்புறுத்துங்கள். குழுவாகப் போனால் பெண்களையும் முதியவர்களையும் தனியே பிரித்து அனுப்பச் சம்மதிக்காதீர்கள். அப்படியும் நிறுத்தினால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். நீங்கள் எத்தனை மணிக்குக் கவுண்டருக்கு வந்தீர்கள் என்பதற்கு ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். அவசரம் இல்லாதவர்கள், பக்கத்தில் ஒருவர் விசா முடிந்து தவிப்பதைப் பார்த்தால் தாமாக முன்வந்து இடம் கொடுக்கலாம். நன்மையும் உண்டு, நிறுவனம் அறிவிக்கும் சலுகையும் உண்டு.

நிறுவனம் தட்டிக்கழித்தால் மத்திய அரசின் ஏர் சேவா செயலியில் புகார் செய்யுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் கடலூரில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். வக்கீல் கட்டாயம் இல்லை. நாம் கொடுத்த டிக்கெட் பணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை.

மனு எழுதத் தெரியாத பெரியவர்களுக்குப் படித்த நம் பிள்ளைகள் எழுதிக் கொடுங்கள். அதுவும் ஒரு ஸதகாதான். பொறுமை நமக்குக் கடமை. ஆனால் பொறுமை என்பது ஹக்கை விட்டுவிடுவது அல்ல. பாலைவன வெயிலில் உழைத்துச் சேர்த்த காசில் வாங்கிய டிக்கெட் அது. கூப்பன் டீயோடு திரும்பி வராதீர்கள்.

அல்லாஹ் நம் பயணங்களை எளிதாக்குவானாக. வஸ்ஸலாம்.